ஓநாய்ப் படம் பற்றிய இரண்டு கருத்துகள்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பகலில் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். இருட்டில் பார்த்தால் எந்தப் படமும் பயம் காட்டும். பின்னேரம் மூன்று மணிக்கும் பயம் காட்டினால் அது நல்ல படம்.

இளைப்பாறிய தபாலதிபர் அப்புத்துரை என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. சரவணைக் கிராமத்தில் எங்கள் சனசமூக நிலையத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை படம் போடுகிற வழக்கத்தைத் தொடக்கியவன் நான். யன்னல்களுக்குக் கறுப்புச் சீலை தைப்பித்ததும் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. படத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை இருந்தது என்பது உங்களுக்கு விளங்க வேண்டும்.

ஆவணியில் ஓநாய்ப் படம் போட்டோம். எண்பது வருடப் பழைய ஆங்கிலப் படம். மலைக்கிராமம் ஒன்றில் மணிக்கூடு திருத்துகிறவனை ஓநாய் கடித்துவிடுகிறது. அதன்பிறகு பூரணைக்குப் பூரணை அவனும் ஓநாயாகிறான். காயத்தைச் சீலையால் சுற்றிக்கொண்டு, கேட்பவர்களிடம் முள்ளுக் கீறியது என்று சொல்கிறான். ஊரில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசியில் அவனுக்குப் பெண் கொடுக்க இருந்தவரே அவனைச் சுடுகிறார். நான் அதை ஒன்பது தடவை பார்த்திருக்கிறேன்.

படம் முடிந்ததும் எல்லாரும் ஒரு கொப்பியில் கருத்து எழுத வேண்டும். அதுவும் என் ஏற்பாடுதான். வங்கியில் வேலை செய்கிற கம்சிகா, மயிர் ஒட்டியிருப்பது அப்பட்டமாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாள். அம்பிகை, அந்தப் பிள்ளைக்கு நேரத்தோடு நூல் கட்டியிருக்கலாம் என்று எழுதியிருந்தார். அம்பிகையின் புருஷன் தில்லைநாதன் எழுதியது ஒன்றரை வரி. "பாவம் அந்த மனுசன். கடிச்சது அவனில்லை, வருத்தம்." நோய்தான் கடித்ததாம்.

தில்லைநாதன் புங்குடுதீவில் பிறந்து தெற்கில் கடை நடத்தியவர். பிள்ளைகள் கனடா போனபிறகு பெண்சாதியின் சீதன வீட்டுக்கு வந்துவிட்டார். என் வளவிலிருந்து நாலாம் வளவு. எந்தப் படத்தையும் இரண்டாம் தரம் பார்க்க மாட்டார். முதல் தரத்திலேயே பாதியில் நித்திரை கொள்வார். ஓநாய்ப் படத்திலும் கொண்டார். குறட்டை எனக்குக் கேட்டது.

நான் பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். ஓநாயானது அவன் குற்றமில்லை, முள்ளுக் கீறியது என்று சொன்னதுதான் குற்றம்; தெரிந்ததை மறைத்த இடத்திலேயே அவன் மிருகமாகிவிட்டான், நிலவுக்கு அதில் வேலையில்லை. இவ்வளவுதான் சாரம். இதை விளங்கிக்கொள்ள அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை.

நிலையத்தைப் பார்க்கிற நிலாந்தினி, தில்லைநாதனின் ஒன்றரை வரியை நிலையத்தின் முகநூலில் போட்டாள். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் இருநூறு பேருக்கு மேல் விருப்பம் தெரிவித்தார்கள். என்னுடையதைப் பற்றிக் கேட்டேன்.

"நீளமாக் கிடக்கு சேர். பிறகு பாப்பம்."

அடுத்த கூட்டத்தில் நான் எழும்பி என் கருத்தை விளக்கத் தொடங்கினேன். மூன்றாம் பக்கத்தில் தில்லைநாதன் குறுக்கிட்டார். "அப்புத்துரை, நீர் படம் பாக்கிறீரோ, வழக்கு விசாரிக்கிறீரோ?"

மண்டபம் சிரித்தது. நான் உட்கார்ந்தேன். அதன்பிறகு மூன்று கிழமையாக, கடைக்குப் போனாலும் பஸ்ஸுக்கு நின்றாலும், யாராவது ஒருவர் வழக்கு எப்ப முடியுது என்று கேட்டார். பகிடிக்குத்தான். ஆனால் சிரித்தவர்களில் ஒருவர்கூட நான் சொன்னது பிழை என்று காட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிழை என்று காட்டியிருந்தால் திருத்தியிருப்பேன்.

இனி நாய்.

என்னிடம் மண்ணிற நாய் ஒன்று நின்றது. புரட்டாதிக் கடைசியில் அது தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது. வாயால் வீணீர் வடிந்தது. கட்டியிருந்த பூவரசைக் கடித்துக் கடித்துப் பல் முரசில் இரத்தம். என்ன வருத்தம் என்று எனக்குத் தெரிந்தது. தபாற்கந்தோர்ச் சுவரில் அதைப் பற்றிய சுவரொட்டி பத்து வருடம் என் கண்ணுக்கு நேரே தொங்கியது.

இரண்டாம் நாள் காலை பத்து மணிபோல தில்லைநாதன் வந்தார். கையில் ஒரு சீப்பு கதலி வாழைப்பழம். சமாதானம் பேச வந்திருக்கிறார். முன் கேற் பூட்டியிருந்தது. திறப்பு எடுக்க நான் கதிரையை விட்டு எழும்ப வேண்டும்.

"பக்கத்தாலை வாரும்," என்றேன்.

நாய் பக்கப் படலையடியில் நின்றது. சங்கிலியின் நீளம் எனக்குத் தெரியும்.

கெண்டைக்காலில் இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. நான்தான் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். அவர் பயந்துதான் போனார்.

"ஊசி போட்ட நாய்தானே, அப்புத்துரை?"

"ஓம்."

"அட்டை கிடக்கோ?"

அலுமாரியில் ஓர் அட்டை இருந்தது. முந்தின வருடம் வாகனத்தில் அடிபட்டுச் செத்த நாயின் அட்டை; அதுவும் மண்ணிறம். எடுத்துக் கொடுத்தேன். ஆசுப்பத்திரியில் அட்டையைப் பார்த்த டாக்டர், நாய் சுகமாக நிற்கிறதா என்று பதினான்கு நாள் கவனிக்கச் சொன்னார். அதில் மாற்றம் தெரிந்தால் உடனே ஊசி போட வரச் சொன்னார். டாக்டரில் பிழை இல்லை. அவருக்குக் காட்டியதை வைத்துத்தானே அவர் சொல்ல முடியும்.

நாய் அடுத்த நாளே செத்துப்போனது. வளவின் பின்பக்கம் பனைகளுக்கு நடுவில் ஆழமாகத் தோண்டித் தாட்டேன். வேறு மிருகம் கிளறக்கூடாது. பொதுச் சுகாதாரத்தில் நான் என்றும் கவனமானவன்.

தில்லைநாதன் ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்குத் தொலைபேசி எடுப்பார். நாய் எப்படி என்பார். சோறு தின்னுது என்பேன். எட்டாம் நாள் ஆளே வந்து வேலிக்கு வெளியே நின்றார்.

"ஒருக்கால் கூப்பிடும், பாப்பம்."

"இப்பத்தான் படுத்தது. எழுப்ப வேண்டாம்."

"கடிச்சவர் நித்திரை, கடி வாங்கினவன் காவல்," என்று சிரித்துக்கொண்டு போனார். நல்ல பகிடிக்காரர். அதை நான் மறுக்கவில்லை.

பதினான்காம் நாள், பெரிய உபகாரம் என்றார். பரவாயில்லை என்றேன்.

ஆறாம் கிழமை அவருக்குக் கடித்த கால் விறைத்தது. பிறகு காய்ச்சல். பிறகு தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகியது. காற்றாடியைப் போட்டால் கத்தினார். நான் ஆசுப்பத்திரிக்குப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அம்பிகை என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, உங்கட நாய் சுகமாத்தானே நிண்டது?"

"ஓம், தங்கச்சி."

"அப்ப வேற எந்த நாயோ. எனக்குச் சொல்லாமல் விட்டிட்டார் போல."

இருக்கலாம் என்றேன். நாலாம் நாள் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்து வந்த சனிக்கிழமை, அவர் நினைவாக அதே படத்தைத் திரும்பப் போட்டார்கள். வாசலில் அவருடைய படமும், கீழே அந்த ஒன்றரை வரியும் பெரிய எழுத்தில். சனம் அதை வாசித்துக் கண்ணைத் துடைத்தது. படம் முடிந்ததும் நான் எழும்பி, இதற்கு இன்னொரு கருத்தும் இருக்கிறது என்றேன். நிலாந்தினி ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தாள். "இண்டைக்கு வேண்டாம் சேர். பாவம், அம்பிகை அன்ரி இருக்கிறா." ஒரு மனிதன் செத்தபிறகும் அவனுடைய பிழையான கருத்தையே தூக்கிப் பிடிக்கிற ஊரில் எவ்வளவு காலம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது? அங்கிருந்து நேராக இங்கே பொலிசுக்கு வந்தேன்.

என்னையும் நாய் கடித்ததா என்று கேட்டீர்கள். கடிக்கவில்லை. தாட்ட நேரத்தில் கையில் ஒரு கீறல் இருந்தது. மறுநாளே யாழ்ப்பாணம் போய், தெருநாய் என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டேன். நாலு ஊசியும் தவணை தவறாமல் போட்டேன். மூன்றாவதுக்குப் போன அன்று பஸ்ஸில் தில்லைநாதன் எழும்பி எனக்கு யன்னல் பக்கத்தைத் தந்தார். எங்கே என்று கேட்டார். கண் காட்ட என்றேன்.

அந்தப் பதினான்கு நாளில் ஏன் ஒரு நாளாவது உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லத்தான் இருந்தேன், ஐயா. கல்நெஞ்சன் என்று என்னை நினைக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் தொலைபேசியை வைப்பதற்கு முன்னர் அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். அந்தப் படத்தைப் பற்றித் திரும்ப யோசிச்சீரோ என்று கேட்டேன். அதை விடும் என்பார். பத்தாம் நாள்தான் ஒழுங்காகப் பதில் சொன்னார். "யோசிச்சனான் அப்புத்துரை. எத்தினை தரம் யோசிச்சாலும் அதேதான். எனக்கு அவனிலை கோபம் வருகுதில்லை."

அவர் பிழை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அந்த நிமிடமே ஆசுப்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். சொல்லவில்லை. அந்த மனிதரைக் கொன்றது அவருடைய பிடிவாதம்.