ரஹ்மத்தின் இரண்டாம் தொகுதி

சியாமக் தம்பிக்கு,

உங்கள் அக்கா நாஹீத் எனக்குத் தர வேண்டியிருந்தது நாற்பத்து மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் தோமான். நேற்று அதை நீங்கள் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அப்பாவுக்குக் காட்ட இரண்டு வரி எழுதித் தரச் சொன்னீர்கள். நான் முப்பத்தெட்டு வயதில் எழுத்து கற்றவன். உட்கார்ந்தால் எனக்குச் சுருக்கமாக எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து கற்கும் முன்னும் கற்ற பின்னும் செங்கல்தான் சுமந்தேன். தெஹ்ரானின் வடக்கே நிற்கிற உயரக் கட்டடங்களில் பதினொன்று என் முதுகில் ஏறிப் போனவை. முழங்கால் போனபிறகு, பல்கலைக்கழகத்துக்கு எதிர்ச்சந்தில் அட்டை பிடித்துக்கொண்டு ‘ஆய்வேடு, கட்டுரை, மொழிபெயர்ப்பு’ என்று கூவுகிற வேலை கிடைத்தது. ஒருநாள் முதலாளி மனூச்செஹ்ர் என்னை மாடிக்குக் கூப்பிட்டுக் கணினி முன்னால் உட்கார வைத்தார். மாணவர்கள் மேற்கோள் காட்டும் நூல்களை இணையத்தில் அவரவர் சேமிப்பில் ஏற்ற வேண்டும். நூலின் பெயர், எழுதியவர், ஆண்டு, பக்கம். படித்த பையன்கள் சொல்லின் உருவத்தைப் பார்த்துவிட்டு ஓடுவார்கள், தப்பு விடுவார்கள். நான் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் போவேன். என் கையில் ஒரு பக்க எண் பிசகியது கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவது கைத்தவறுதலாக நடந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

அக்காவின் ஆய்வு உங்களுக்குத் தெரியும். யஸ்த் நகரில் நிலத்தடிக் கால்வாய்த் தண்ணீரை எந்தக் குடும்பம் எவ்வளவு நேரம் பாய்ச்சிக்கொண்டது என்பது. நூல்களும் பழைய பத்திரங்களுமாக நானூற்று முப்பத்தைந்து. ஒன்றுக்குப் பத்தாயிரம் என்று பேச்சு. கடைக் கணக்கில் சேராத வேலை; மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தேன். சேமிப்பைத் திறக்கத் தன் கடவுச்சொல்லையே கொடுத்திருந்தார். அவர் வீட்டில் திறந்தாலும் நான் கடையில் திறந்தாலும் ஒரே சேமிப்புதான். ஆய்வேட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால், சேமிப்பில் உள்ளபடி அடிக்குறிப்புகள் எல்லாம் தாமாக மாறிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. நான் எதைத் தொட்டாலும் அங்கே அவர் பெயர்தான் பதியும்.

வேலை முடிந்த அன்று அவர் கடையிலேயே கைப்பையைத் திறந்தார்.

“எவ்வளவு ஆச்சு, சஃபர் அண்ணே?”

“அட விடுங்க டாக்டரம்மா. உங்களுக்குச் செஞ்சதுக்குக் காசா?”

நம் வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் மறுபடி கேட்க வேண்டும், நான் மறுபடி வேண்டாம் என்று சொல்ல வேண்டும், மூன்றாம் முறை நான் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் சுற்றியிருந்த பையன்களை ஒருமுறை பார்த்தார். பிறகு, “உங்க கைக்கு வலியே வராம இருக்கட்டும் அண்ணே” என்று சொல்லிப் பையை மூடிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

பையன்கள் சிரித்தார்கள். முதலாளி, “என்ன சஃபர், இனிமே எல்லாருக்கும் இனாமா? கீழ அட்டையில எழுதிப் போட்டுடவா? டீயும் உண்டுன்னு சேத்துக்கவா?” என்றார். நானும் சிரித்தேன். அந்தப் பணத்தை முழங்கால் ஊசிக்கு என்று ஒதுக்கியிருந்தேன். ஆனால் வலி பெரிதில்லை. வலி எனக்குப் பழக்கம்.

மறுநாள் மதியம் அவர் சேமிப்பைத் திறந்து ஒரே ஒரு ஆண்டை மாற்றினேன். நம் ஆண்டோடு அறுநூற்று இருபத்தொன்று கூட்டினால் வெளிநாட்டார் ஆண்டு வரும். நான் அறுநூற்று இருபது கூட்டினேன். யாருக்கும் வரக்கூடிய பிசகு. பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவார், கூப்பிட்டால் பணம் நினைவுக்கு வரும் என்று எண்ணினேன். அவர் தானே திருத்திக்கொண்டார். கூப்பிடவில்லை.

பிறகு பக்க எண்கள். நாளைக்கு ஐந்தாறு. எட்டாம் நாள், ஒரு நூலை எழுதியவரின் பெயரை எடுத்துவிட்டு ரஹ்மத்தின் பெயரைப் போட்டேன். ரஹ்மத் என்னோடு செங்கல் சுமந்தவன், ஏழாம் மாடியிலிருந்து விழுந்தவன். அவன் பெயர் அதுவரை எந்தத் தாளிலும் அச்சானதில்லை. நூலின் தலைப்பையும் மாற்றி, யஸ்தின் தண்ணீர் வழக்குகள், முதல் தொகுதி என்று வைத்தேன். எனக்கு அது கெட்ட காரியமாகத் தோன்றவில்லை. ஒன்பதாம் நாளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவது வாரம் அக்கா கடைக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“சஃபர் அண்ணே, இந்த ரஹ்மத்துங்கிறவரை நான் படிச்ச ஞாபகமே இல்லையே. நீங்க ஏத்தினதா?”

“நீங்க சீட்டுல எழுதிக் குடுக்காம நான் எதை ஏத்துவேன் டாக்டரம்மா? யார் பேர் பதிஞ்சிருக்குன்னு பாருங்க.”

பார்த்தார். “என் பேர்தான்” என்றார்.

“தூக்கம் பத்தலை உங்களுக்கு. முதல்ல டீயைக் குடிங்க.”

கற்கண்டு போட்டு டீ கொடுத்தேன். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அன்று நாற்பது குறிப்புகளைச் சரிபார்த்தார். நான் விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். அவர் போனபிறகு அந்த நாற்பதையும் பழையபடி தப்பாக ஆக்கினேன். அடுத்த முறை வரும்போது, நூலகத்தில் பார்த்த பக்க எண்களை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் குழாயில் கையைக் கழுவிவிட்டு வந்தார். திரையை அவர் சந்தேகப்படவே இல்லை. படித்தவர்கள் அச்சுக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள்.

“எனக்கு என்னமோ ஆயிடுச்சு அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றார். நான் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

ஆய்வேட்டுத் தேர்வு நடந்த அன்று நீங்கள் முன்வரிசையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தீர்கள். பழத்தட்டையும் இனிப்புத் தட்டையும் நான்தான் மாடிக்குச் சுமந்து வந்தேன். அக்கா கேட்டுக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தேர்வாளர்களில் வயதானவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அம்மா, இந்த ரஹ்மத்தோட இரண்டாம் தொகுதின்னு போட்டிருக்கீங்களே. இருபது வருஷமா இதே வேலை பார்க்கிறேன், நான் கண்டதில்லை. நீங்க படிச்சீங்களா?” என்று மெதுவாகத்தான் கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை ஆறு மாத அவகாசம் கொடுத்திருப்பார்கள். அக்கா, “படிச்சேன். நீல அட்டை. முதுகுல கிழிஞ்சிருக்கும்” என்றார். கையால் அதன் கனத்தைக்கூடக் காட்டினார்.

அந்த நூலை நான் உண்டாக்கினேன். அட்டையை நான் உண்டாக்கவில்லை. அன்றிலிருந்து ரஹ்மத்தை நினைத்தால் எனக்கும் நீல அட்டைதான் தெரிகிறது. இந்த விஷயத்தில் என்னைச் சங்கடப்படுத்துவது அது ஒன்றுதான்.

விசாரணையில் ஒவ்வொரு மாற்றமும் அவர் பெயரில் இருந்ததைப் பார்த்தார்கள். அவருடைய ஆய்வுப் பதிவை நீக்கினார்கள். பிறகு நடந்தது உங்கள் வீட்டில் நடந்தது. நேற்று நீங்கள்தான் சொன்னீர்கள்: அக்கா இப்போது மருந்துப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைக்கூட வாசிப்பதில்லை, நீங்கள் வாசித்துச் சொன்னால்தான் மாத்திரையைப் போடுகிறார், அதையும் இரண்டு பேர் வாசிக்க வேண்டும் என்கிறார். நான் முப்பத்தெட்டு வயதில் உள்ளே போன வாசல் வழியாக அவர் முப்பத்தொன்றில் வெளியே வந்துவிட்டார்.

இப்போது ஒன்பதாம் நாள். சேமிப்பின் அடியில் நூலும் இல்லாமல் பத்திரமும் இல்லாமல் ஒரு சிறு குறிப்பு இருந்தது. நேற்று நீங்கள் அச்செடுத்து வந்து காட்டியது அதுதான்: “சஃபர் அண்ணன், 43,50,000. ஒருமுறை மறுத்தார். கடையில் எல்லார் முன்னாலும் இன்னும் இருமுறை கேட்டு அவரைக் கூச வைக்க வேண்டாம். தேர்வு முடிந்த அன்று, தனியாக, ஒரு பெட்டி இனிப்போடு.”

“நீக்கினதெல்லாம் போய் ஒதுங்குற தொட்டியில இது கிடந்துச்சு அண்ணே. அவளே தூக்கிப் போட்டிருக்கா பாருங்க. என்ன செய்யறோம்னே தெரியாத நேரம், பாவம்” என்றீர்கள்.

அவர் போடவில்லை. நான் போட்டேன். விரல் வைத்து, எழுத்தெழுத்தாக, முழுவதும் வாசித்துவிட்டுத்தான் போட்டேன். மேற்கோள்களுக்கான இடத்தில் அதற்கு வேலை இல்லை. அன்றைக்கே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆனால் முதல் தொகுதி முந்தின நாளே ஏறிவிட்டது. எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அன்று மதியம் இரண்டாம் தொகுதியை ஏற்றினேன்.

நேற்றுப் படிக்கட்டில் நீங்கள் உறையை நீட்டினீர்கள். “இருக்கட்டும் தம்பி” என்றேன். மறுபடி நீட்டினீர்கள். “அவங்க நல்லாகட்டும், அது போதும்” என்றேன். “என் உயிர்மேல ஆணை, வாங்கிக்குங்க அண்ணே” என்றீர்கள். முறைப்படி மூன்று தடவை. நல்ல வளர்ப்பு. அதன்பிறகுதான் கை நீட்டினேன்.

இந்தத் தாளை அப்பாவிடம் காட்டுவதும், பல்கலைக்கழகத்திலோ காவல் நிலையத்திலோ கொடுப்பதும் உங்கள் விருப்பம். நாட்களைச் சரிபார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

நாற்பத்து மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் தோமான் பெற்றுக்கொண்டேன். லட்சத் தாள் நாற்பத்து மூன்று, ஐம்பதாயிரம் ஒன்று. இரண்டு முறை எண்ணினேன், சரியாக இருந்தது. நாஹீத் அம்மாவுக்கும் எனக்கும் இடையே இனி எந்தப் பாக்கியும் இல்லை.

சஃபர் அலி