ஒரு ஆளுக்கு ஒரு வரி

எங்கள் வீட்டில் சட்டைக்கு ஒரு பொத்தான் வேண்டுமென்றால் ஐந்து இடம் திறக்க வேண்டும். அம்மாவின் பழக்கம் அது. பெரிய பிஸ்கட் டப்பாவுக்குள் சின்ன டப்பா, அதற்குள் துணிப்பை, பைக்குள் பழைய மருந்துப் புட்டி, புட்டிக்குள் காகிதச் சுருள், அதற்குள்தான் பொத்தான். அண்ணன் பொறுமையாக ஒவ்வொன்றாகத் திறந்து, எடுத்த பிறகு அதேபோல மூடி வைப்பான். நான் எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு எனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்வேன். வளர்ந்த பிறகு அந்தக் காரியத்துக்கே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று உன் வார்த்தையிலேயே எழுது என்று சொன்னீர்கள். ஏற்கெனவே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒரே ஓர் இடத்தில்தான் உண்மை இல்லை. விசாரணை அதிகாரி என்ற முறையில் நீங்கள் அதைத்தான் தேடுகிறீர்கள் என்று தெரியும். இந்த முறை அதையும் எழுதிவிடுகிறேன், அதன் இடம் வரும்போது.

ஆறு ஊருக்குள் புகுந்த அந்த வாரத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பேரைக் காணவில்லை. படகில் தூக்கியவர்கள் கிடைத்த வண்டியில் ஏற்றி, இடமிருந்த மருத்துவமனைக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். யார் எந்த ஊரில் கிடக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் மருத்துவமனை, காவல் நிலையம், முகாம் என்று எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததை ஒரே தகவல் களஞ்சியத்தில் எழுதும்படி ஏற்பாடு செய்தார்கள். எங்கள் தேடல் அலுவலகத்துக் கணினி, ஏபிஐ என்ற இணைப்பு வழியாக அதனிடம் கேட்கும். ஓர் ஆளின் எண்ணைக் கொடுத்தால் அவரைப் பற்றிய எல்லாமும் வரும்.

எல்லாமும் என்றால் எல்லாமும்தான். ஆளுக்குள் 'நிலை' என்று ஒன்று. அதற்குள் ஒரு பட்டியல். பட்டியலில் ஒவ்வொன்றுக்குள்ளும் உயிரோடு இருக்கிறாரா இறந்தாரா என்ற பதில், யார் சொன்னது, எந்தத் தேதியில், எவ்வளவு உறுதி. யார் சொன்னது என்பதற்குள் மருத்துவமனை, அதற்குள் வார்டு, அதற்குள் செவிலியர் எழுதிய குறிப்பு. எட்டு அடுக்கு. அச்சடித்தால் ஆளுக்கு நாலு பக்கம் வரும். அம்மாவின் பிஸ்கட் டப்பா தேவலை.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு பக்கத்தையும் புரட்டி, பதில் தேடி, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் புரட்டுவார். வரிசை தெருமுனை வரை நிற்கும். மூன்றாம் நாள் எங்கள் தலைமை அதிகாரி என் மேசைக்கு வந்தார்.

"நாலு பக்கத்தை வச்சுக்கிட்டு அந்தம்மா என்ன பண்ணுவாங்க? ஒரு ஆளுக்கு ஒரு வரி போதும். இருக்காரா, இல்லையா. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அதற்கு ஒரு புரோகிராம் எழுதினேன். அலுவலகத்தில் அதைச் 'சுருக்கி' என்றார்கள். என் முதல் சுருக்கி நேர்மையானது. அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் அது 'இன்னும் உறுதியாகவில்லை' என்று காட்டும். ஆனால் யாருக்கும் அது பிடிக்கவில்லை. "உறுதியாகலைன்னா என்னம்மா அர்த்தம்? அழறதா, வேண்டாமா?" என்று ஒருவர் கவுன்ட்டரைத் தட்டிக் கேட்டது என் அறை வரை கேட்டது. நியாயமான கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றியது.

காணாமல் போனவர்களில் என் அண்ணனும் ஒருவன். பேக்கரிக்கு ரொட்டி வண்டி ஓட்டினான். விடியற்காலையில் பாலத்தின் மேல் வண்டியோடு போனவன் திரும்பவில்லை. அம்மா படிவத்தில் அடையாளம் எழுதினாள்: வலது கை மோதிர விரலில் நுனி கிடையாது. எனக்கு ஆறு வயதில் நான் அறைந்து சாத்திய கதவில் போன நுனி அது. தானே சாத்திக்கொண்டதாக அம்மாவிடம் சொல்லி, எனக்கு விழவேண்டிய அடியையும் அவன் வாங்கிக்கொண்டான். இன்று வரை அம்மாவுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிடும்.

அவன் பதிவைத் தினமும் காலையில் திறந்து பார்ப்பேன். முதலில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது: இறந்தார். சொன்னவர் பாலத்துக் காவலாளி; வண்டி மூழ்கியதைப் பார்த்திருக்கிறார், ஆளைப் பார்க்கவில்லை. உறுதி: குறைவு. பதினேழாம் நாள் அதன் கீழே இரண்டாவது பதில் வந்திருந்தது: உயிரோடு இருக்கிறார். ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு மருத்துவமனை. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. தன் பெயர் தெரியவில்லை. விரல் நுனி பொருந்துகிறது. உறுதி: அதிகம், உறவினர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. பிறகு அம்மாவை நினைத்தேன்.

எங்கள் அப்பா பக்கவாதம் வந்து ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தார். அம்மா அந்த ஆறு வருஷத்தில் இருபது வருஷம் கிழவியானாள். முழுத் தூக்கம் தூங்கியதில்லை, வாசலைத் தாண்டியதில்லை. அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டியது, துணி மாற்றியது, சவரம் செய்தது எல்லாம் அண்ணன். எனக்குப் பரீட்சை இருந்தது. இப்போது அம்மாவுக்கு அறுபத்தெட்டு. இருதயத்தில் ஒருமுறை கத்தி வைத்தாகிவிட்டது. அந்தக் கட்டில் மறுபடியும் வீட்டுக்குள் வந்தால் அவள் தாங்கமாட்டாள். இதை ஒரு மகனின் கவலையாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

களஞ்சியத்தில் என்னால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. யார் கை வைத்தாலும் பெயரோடு பதிவாகிவிடும். என் கையில் இருந்தது சுருக்கி மட்டும். அதிலும் அண்ணனுடைய எண்ணை மட்டும் தனியாகப் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி எழுதினேன்: ஒன்றுக்கு மேல் பதில் இருந்தால், முதலில் பதிவானதை எடு, மற்றதை விடு. ஒரே வரி. என் அண்ணனுக்கென்று தனிச் சலுகையோ தனிக் கொடுமையோ அதில் இல்லை.

போடுவதற்கு முன்பு ஓட்டிப் பார்த்தேன். முதலில் 'இறந்தார்', பிறகு 'இருக்கிறார்' என்று வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அண்ணனைச் சேர்த்து. மற்ற பதினோரு பேரை எண்ணாக மட்டும் பார்த்தேன், பெயர்களைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மனசு கேட்டிருக்காது. நாலாயிரத்தில் பன்னிரண்டு என்பதை எந்த அலுவலகமும் பெரிய பிழை என்று சொல்லாது.

என் வேலையைச் சரிபார்ப்பது ஒரு மூத்த அக்கா. புள்ளி தவறினாலும் பிடித்துவிடுவார் என்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அன்று அவருடைய மகளுக்குக் காய்ச்சல். கைப்பையை மாட்டிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"முதல்ல வந்ததையே எடுத்தா, அப்புறம் வர்ற தகவல் என்ன ஆகும்ப்பா?"

"அப்புறம் வர்றதெல்லாம் பெரும்பாலும் குழப்பம்தான்க்கா. கவுன்ட்டர்ல திட்டு வாங்குறது அந்தம்மாதானே."

"சோதிச்சுப் பார்த்துட்டியா?"

"இருபது பேரை வச்சுப் பார்த்துட்டேன். எல்லாம் சரியா வருது."

அந்த இருபது பேரையும் பொறுக்கியது நான்தான். அக்கா ஒப்புதல் கொடுத்துவிட்டு மகளைப் பார்க்கப் போனார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருப்பதாகக் கேள்விப்பட்டேன், அது சரியல்ல.

மறுநாள் அம்மாவை நானே கவுன்ட்டருக்கு அழைத்துப் போனேன். என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கவுன்ட்டர் அம்மாள் எண்ணைத் தட்டி, திரையைப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். அம்மாவுக்கு அதிலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"அதுக்குக் கீழ வேற ஏதாவது எழுதியிருக்காம்மா? நல்லாப் பாருங்களேன்."

கவுன்ட்டர் அம்மாள் திரையையே திருப்பிக் காட்டினார். "ஒரே வரிதான்மா இருக்கு."

அம்மா அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். நான் இருந்தது அவளுக்கு எவ்வளவு ஆறுதல் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

நான் யோசிக்காத ஒன்று நடந்தது. கவுன்ட்டரில் ஒரு வரியைப் படித்துச் சொன்னதும், 'உறவினருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று களஞ்சியத்துக்குத் தானாகவே ஒரு தகவல் போகும். மருத்துவமனைகள் அதைப் பார்த்து, வீட்டாருக்கு விஷயம் தெரியும், வருவார்கள் என்று எடுத்துக்கொண்டன. வராதபோது, வர மனமில்லை என்று எடுத்துக்கொண்டன. வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை.

அம்மா மெல்லத் தேறினாள். வேளைக்குச் சாப்பிட்டாள், மாத்திரை போட்டுக்கொண்டாள், ராத்திரி தூங்கினாள். என் கணக்கு தப்பவில்லை. அலுவலகத்தில் நான் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை அண்ணனின் நாலு பக்கத்தையும் திறந்து படிப்பேன். எட்டாம் மாதம் மூன்றாவது பதில் வந்தது: இறந்தார். நுரையீரலில் சளி. உறுதி: முழுமை. கவுன்ட்டரில் காட்டிய அந்த ஒரு வரி, அன்றிலிருந்து பிழையில்லாத வரி ஆகிவிட்டது. அதை நினைத்து அன்று ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். பதினோராம் மாதம் ஒரு தையல்காரர் ஊன்றுகோலோடு தன் வீட்டு வாசலில் போய் நின்றார். அவருடைய தையல் இயந்திரத்தை மனைவி யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தாள். இருவரும் கைகோத்துக்கொண்டு எங்கள் கவுன்ட்டருக்கு வந்தார்கள். கவுன்ட்டர் அம்மாள் எண்ணைத் தட்டினார். எதிரில் நிற்கும் மனிதரைத் திரை இறந்தார் என்றது. பூதக்கண்ணாடி அக்கா மதியத்துக்குள் விதியைக் கண்டுபிடித்துவிட்டார். மாலைக்குள் பன்னிரண்டு பெயர்களையும் திறந்தார்கள். அதற்குள் அவர்களில் ஐந்து பேர், யாருமே வராமல் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

நீங்கள் அண்ணனின் முழுப் பதிவையும் அச்சடித்து அம்மாவிடம் கொடுத்தீர்கள். அம்மா இரண்டு நாள் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள், டப்பாவுக்குள் டப்பாவாகத் திறப்பவளாயிற்றே. மூன்றாவது பக்கத்தில் நின்றாள். செவிலியர் குறிப்பு, எட்டாவது அடுக்கு, அவனைச் சேர்த்த மறுநாள் எழுதியது: 'பேச்சு தெளிவில்லை. டிங்கு, டிங்கு என்று ஒரு பெயரை மட்டும் சொல்கிறார். கதவுப் பக்கமே பார்க்கிறார்.' பிந்தைய குறிப்பு: 'வீட்டாருக்குத் தகவல் சொல்லியாயிற்று, யாரும் வரவில்லை. டிங்கு வந்துவிடுவான் என்று நாங்கள் சொன்னால் சாப்பிடுகிறார்.'

டிங்கு என்பது நான். அந்தப் பெயரை வைத்தது அவன். கூப்பிடுவதும் அவன் ஒருவன்தான்.

"சேர்த்த மறுநாளே எழுதியிருக்கே, இதை அப்பவே படிச்சியாடா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. அவ்வளவு உள்ளே இருந்தது. நான் அதுவரைக்கும் போகல."

உங்களிடமும் இரண்டு முறை அதையேதான் எழுதிக் கொடுத்தேன். உண்மை இல்லாத இடம் அதுதான். படித்தேன். பதினேழாம் நாள் காலையில், விரல் நுனியைப் பார்த்ததும், மற்ற எல்லா அடுக்கையும் தாண்டி நேரே அங்கேதான் போனேன். அவன் யாரைக் கேட்கிறான் என்று பார்க்கத்தான் போனேன். அவன் அம்மாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டான். அதைப் படித்த பிறகுதான் அந்த விதியை எழுதினேன்.

இவ்வளவையும் உங்கள் அறிக்கையில் சேர்க்க இடம் இருக்காது என்று எனக்குத் தெரியும். காரணம் என்ற கட்டத்தில் ஒரு வரிதான் போட முடியுமென்றால், தாயின் நலன் கருதிச் செய்தார் என்று போட்டுக்கொள்ளுங்கள். முதலில் நான் சொன்னது அதுதான்.