ஏழாம் எண் நாற்காலி

ஜூரிக்கு அழைப்பு வந்தால் ஒரு ஸ்வெட்டரும் உங்கள் சொந்தக் காபிக் கோப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். எங்கள் கவுண்டி நீதிமன்றத்துக் கோப்பைகளில் யாருடைய உதட்டுச் சாயமோ ஒட்டியிருக்கும். முதல் நாள் நானே அத்தனையையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். யாரும் சொல்லவில்லை. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான்.

நான் மாற்று ஜூரர். பன்னிரண்டு பேரோடு பதின்மூன்றாவதாக உட்கார்ந்து வழக்கு முழுவதையும் கேட்க வேண்டும். அவர்கள் முடிவெடுக்க உள்ளே போனதும் நான் பக்கத்து அறையில் காத்திருக்க வேண்டும். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால்தான் எனக்கு இடம்.

குற்றவாளிக் கூண்டில் ஷானா கிரெப்ஸ் என்ற பெண். மாமியாரை நிலவறைப் படியிலிருந்து தள்ளிக் கொன்றதாக வழக்கு. கிழவி தானாக வழுக்கி விழுந்தாள் என்று இவள் சொன்னாள். பார்த்தவர் யாருமில்லை. ஆனால் நான் ஷானாவைப் பார்த்தேன். நகத்தோரத் தோலைப் பல்லால் உரித்து மென்று விழுங்குவாள். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துவிட்டு அதே கையைத் தூக்கிச் சத்தியம் செய்தாள். அதற்குமேல் சாட்சி எதற்கு?

முடிவெடுக்க உள்ளே போன பன்னிரண்டு பேரில் பதினொரு பேருக்கு அது புரிந்துவிட்டது. ஏழாம் எண் ஜூரர் ரெய்னோ லாட்டிக்குத்தான் புரியவில்லை. பன்னிரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. மாட்டுப்பண்ணை வைத்திருந்த கிழவர். அவர் கோட்டிலிருந்து சாணமும் பழைய பாலும் கலந்த வாடை வரும். உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மதியச் சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றாகத்தான். வழக்கைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. ஆனாலும் பன்னிரண்டு பேரில் ஒருத்தியான தபால் நிலையத்துக் கெய்லுக்கு வாய் சும்மா இருக்குமா?

"இந்த மனுஷன் பிடிவாதம் பிடிக்கலேன்னா நேத்தே வீட்டுக்குப் போயிருக்கலாம்" என்றாள்.

ரெய்னோ மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டியை வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பொண்ணு அழுக்கா இருக்கா. என் மாடுங்களுந்தான் அழுக்கு. ஒண்ணுகூட யாரையும் கொன்னதில்ல."

"யோவ் ரெய்னோ, கேஸைப் பத்திப் பேசாதே" என்றார் எங்களைக் கவனித்துக்கொள்ள நின்றிருந்த நீதிமன்றக் காவலர்.

"நான் மாட்டைப் பத்திப் பேசறேன்யா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் வாயிலிருந்து தெறித்த மாவு என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையைக் குப்பையில் போட்டேன்.

வால்நட் பட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று முதல் நாளே அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மறுநாள் எலுமிச்சைக் கேக் துண்டுகள் செய்துகொண்டு போனேன். அடி மாவில் வால்நட்டை நைசாக அரைத்துச் சேர்த்திருந்தேன்.

"கொட்டை கிட்டை ஏதும் போட்டிருக்கியா, மார்லிஸ்?" என்று கேட்டார்.

"உங்களை மனசுல வச்சுத்தான் செஞ்சேன்" என்றேன். அது பொய்யில்லை.

"என் பெண்டாட்டி போனப்புறம் இப்படி யாரும் செஞ்சு குடுத்ததில்ல" என்று இரண்டு துண்டு தின்றார். விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார்.

பிறகு நடந்தது பார்க்க நன்றாக இல்லை. உதடு வீங்கியது, எச்சில் மேசையில் வழிந்தது. கோட்டைக் காட்டிக் கையை ஆட்டினார். ஊசி மருந்து அதன் பையில்தான் இருந்ததாம். நாற்றம் தாங்காமல் அந்தக் கோட்டைக் காலையிலேயே வராந்தாவின் கடைசிக்குக் கொண்டுபோய் மாட்டியிருந்தேன். கெய்ல் அதைத் தேடி ஓடினாள். நான் மேசையைத் துடைத்தேன்.

ஆம்புலன்சில் உயிர் போய்விட்டது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நீதிபதி மிகவும் மரியாதையாகக் கேட்டார், முதலிலிருந்து திறந்த மனதோடு விவாதிக்க முடியுமா என்று. முடியும் என்றேன். ஏழாம் எண் நாற்காலியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். என் காபி ஆறுவதற்குள் முடிவு வந்துவிட்டது. ஷானாவுக்கு ஆயுள் முழுக்கச் சிறை. தீர்ப்பைக் கேட்டு அவள் மூக்கு ஒழுக அலறினாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். எனக்காகவும் பன்னிரண்டு பேரை அழைப்பீர்கள், தெரியும். எனக்கு அதில் பயமில்லை. என்னைப் பார்த்த உடனேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும், நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று.