காம்பு கோணிய இலை

நூலில் வாதாம் இலை பின்னுவதில் கஷ்டமான இடம் காம்புதான். இலை அகலமானது, குரோஷா ஊசி தன் போக்கில் ஓடிவிடும். காம்புக்கு வரும்போது கண்ணிகளைக் குறைத்து நூலை இறுக்க வேண்டும். கை கொஞ்சம் அவசரப்பட்டாலும் கோணிக்கொள்ளும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். உங்கள் மேசைமேல் இருக்கிற இலையைப் பாருங்கள் ஐயா, காம்பு கோணல். அது நான் பின்னியதல்ல, மாயக்காள் பின்னியது. காம்பு நேராக இருப்பவை எல்லாம் என்னுடையவை. வரிசையாகச் சொல்கிறேன், ஏட்டையா நிதானமாக எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் அன்னக்கொடி. மதுரையில் ஒரு மிஷன் தையல் கூடத்தில் வேலை செய்கிறேன். யுத்தத்தால் கப்பல் நின்றுபோய், எங்கள் துரைசானி ஊருக்குப் போக முடியாமல் ஏங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். காடு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். அவர்கள் ஊரில் குளிர் வருமுன் மரங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து நிறம் மாறி உதிருமாம். அதே மாதிரி இலைகள் பின்னித் தந்தால் சுவரில் தோரணமாக மாட்டிக்கொள்வேன் என்றார்.

"தண்ணி விடாம கருக விட்டுட்டு, அதப் படம் வேற புடிச்சிருக்காக பாரு" என்றாள் பக்கத்தில் இருந்த ராமக்காள். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு அந்த நிறம் தெரியும். தை பிறந்தால் வாதாம் மரம் அப்படித்தான் சிவந்து உதிரும். அலங்காநல்லூர் பக்கத்தில் என் தங்கச்சி வாக்கப்பட்ட வீட்டுக் கொல்லையில் ஒன்று நிற்கிறது. துரைசானி கேட்டது விரல் விரித்த இலை, நான் பின்னிக் கொடுத்தது வாதாம் இலை. கையில் வாங்கியதுமே அவர் கண் கலங்கிவிட்டது. அழ ஆசைப்பட்டவருக்கு எந்த மரத்து இலையாக இருந்தால் என்ன? சுங்குடிச் சாயக்காரர்கள் தோய்த்துக் கொடுத்த நூலில் நிறைய மிச்சம் இருந்தது. அதை என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். திருட்டு இல்லை ஐயா, கேட்டுப் பாருங்கள்.

தங்கப்பொண்ணு என் தங்கச்சி. எங்கள் அம்மா போனபின் அவளுக்கு ஊட்டி வளர்த்தவள் நான். எனக்குப் பிள்ளை இல்லை. புருஷனும் சீக்கிரம் போய்விட்டார். இந்த உலகத்தில் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ள அவள் ஒருத்திதான் இருந்தாள். அவளைத் தவசிக்குக் கட்டிக் கொடுத்தேன்.

அந்தக் கொல்லையில் வாதாம் மரத்தடிக்குப் போகிற வழியில் ஒரு பழைய உறைகிணறு உண்டு. சுடுமண் உறை இறக்கிய குறுகலான கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது, வாய் தரையோடு தரையாக இருக்கும். மேலே பனம்பலகை போட்டு மூடியிருப்பார்கள். போன வருஷம் தையில் தவசி அந்தப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு போனான். சல்லிக்கட்டுப் பார்க்கப் பரண் போட வேண்டுமாம். எடுத்ததை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடு பிடிக்கிற அழகை அவன் பரண்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, தங்கப்பொண்ணு சருகு கூட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து வந்தாள்.

நான் வந்து சேர்ந்தபோது அவளைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். நான் தவசியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

"என்ன மதினி செய்யிறது? இம்புட்டுப் பெரிய குழி கண்ணுக்குத் தெரியலையாக்கும். பாத்து நடந்திருக்கணும்."

செத்தவளைத் தூக்குமுன்பே சொன்னான். அவன் கன்னத்தில் அறைந்திருந்தால் அன்றோடு போயிருக்கும். நான் அறையவில்லை.

ஆவணியிலேயே அவன் மாயக்காளைக் கட்டிக்கொண்டான். நல்ல பெண். எங்கள் சனத்தில் மூத்தாள் செத்து இளையாளாக வருகிறவள், மூத்தாளுக்கென்று தாலியில் ஒரு பொட்டுக் கோத்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் அவள் செத்த இடத்துக்குப் பக்கத்தில் விளக்கு வைக்க வேண்டும். மாயக்காள் ஒரு வெள்ளியும் தவறியதில்லை. கிணற்றைத் தாண்டிப் போய் மரத்தடியில் அகல் வைத்து, "மூத்தவளே, காப்பாத்து" என்று கும்பிட்டுவிட்டுத்தான் சோறு தின்பாள். என்னையும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

கார்த்திகைக்குப் போயிருந்தபோது என் பையில் இருந்த இலைகளைப் பார்த்து ஆசைப்பட்டாள்.

"எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா. மூத்தவளுக்கு நாலு எலை நானும் பின்னிப் போடுறேன்."

சொல்லிக் கொடுத்தேன். கெட்டிக்காரி, காம்பு மட்டும் வசப்படவில்லை. அவள் பின்னியவற்றையும் என் இலைகளோடு சேர்த்துக்கொண்டேன். எல்லாவற்றையும் கஞ்சியில் தோய்த்து, விறைப்பாகக் காயவைத்து, ஒரு நூல் வலையில் தைத்தேன். அப்போது என் மனசில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அப்படியானால் வலை கிணற்று வாய்க்குப் பொருந்தியது எப்படி என்று கேட்பீர்கள். முந்தானையால் அளந்து வைத்திருந்தேன். எதைப் பார்த்தாலும் அளப்பது என் கைப்பழக்கம். தவசி மறுபடியும் பலகையை எடுக்காமல் இருந்திருந்தால், அந்த வலையை மாயக்காளுக்கே ஜன்னல் திரையாகக் கொடுத்திருப்பேன்.

எடுத்தான். இந்தப் பொங்கலுக்கு நான் போனபோது கிணற்றின்மேல் பலகை இல்லை, கருவேல முள்தான் கிடந்தது.

"இந்த வருசம் வெவரமா முள்ளு வெட்டிப் போட்டிருக்கேன் மதினி, ஒருத்தரும் விழுக மாட்டாக" என்று சிரித்தான். என் தங்கச்சி செத்த அன்று உட்கார்ந்த அதே பலகைமேல் உட்காரப் போகிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் "சரி" என்றேன்.

இந்த வருஷம் சல்லிக்கட்டு வெள்ளிக்கிழமையில் வந்தது. காலையில் மாயக்காள் என் காதோடு ஒன்று சொன்னாள். முழுகாமல் இருக்கிறாளாம்.

"அவுககிட்ட இன்னும் சொல்லலக்கா. சல்லிக்கட்டு முடிஞ்சு வரட்டும்னு இருக்கேன்."

நல்லது என்றேன்.

மதியம் அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது முள்ளை நாலடி தள்ளி இழுத்துப் போட்டேன். கிணற்று வாயில் வலையை விரித்து, ஓரங்களில் முள்ளையே ஆணியாகக் குத்தினேன். மேலே உதிர்ந்த இலைகளைத் தூவினேன். வெறும் இலையாக இருந்தால் உள்ளே விழுந்துவிடும். நூல் இலை நின்ற இடத்தில் நிற்கும். கொல்லை முழுக்க ஒரே சிவப்பு. எது மரத்து இலை, எது நான் பின்னியது என்று எனக்கே தெரியவில்லை. என் வேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

முள் கிடக்கும் இடம்தான் கிணறு என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பொழுது சாயும்போது மாயக்காள் ஏற்றிய அகலோடு வந்தாள்.

"நீங்களும் வாரீகளாக்கா?"

"நீ போ, வாரேன்" என்றேன். எப்போது என்று சொல்லவில்லை.

அவள் முள்ளுக்கு நன்றாக ஒதுங்கித்தான் நடந்தாள். பிறகு "அக்கா" என்று சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டது. அவள் கூப்பிட்டது என்னையா, மூத்தாளையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கிவைத்தேன். அதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

அந்தப் பெண் உனக்கு என்ன செய்தாள், தவசியைத் தள்ளியிருக்கலாமே என்கிறீர்கள். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவளுக்காக நான் அழுதேன், ஊரே பார்த்தது. ஆனால் செத்துப்போகிறவனுக்கு என்ன தெரியும் ஐயா? அவன் இருக்க வேண்டும். நான் நின்ற இடத்தில் நின்று பார்க்க வேண்டும். அவனையும் என்னையும் ஒரே தட்டில் வைத்துவிடாதீர்கள். அவன் ஒரு உயிரைப் பற்றி யோசிக்காமல் நடந்துகொண்டவன். நான் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன்.

ஆட்கள் இறங்கி அவளைத் தூக்கினார்கள். அவள் முடியில் சிக்கியிருந்த இலையைத்தான் நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். சல்லிக்கட்டிலிருந்து ஓடிவந்த தவசி மண்ணில் விழுந்து புரண்டான்.

"நாந்தான் கொன்னேன். முள்ளத் தள்ளிப் போட்டுட்டேனே. அவளயும் நாந்தான் கொன்னேன், இவளயும் நாந்தான் கொன்னேன்."

பிள்ளை விஷயத்தை நான்தான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். தெரிந்துகொள்ள வேண்டியவன் அல்லவா? எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது, மறைக்கவில்லை.

கூட்டத்தில் இருந்த பாண்டியம்மாள், "இன்னும் இருட்டக்கூட இல்லையே, எப்பிடி விழுந்தா?" என்று மார்பில் அடித்துக்கொண்டு கேட்டாள். எல்லோரும் தவசியின் முகத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். போன தடவை சொன்னதை இப்போதும் சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டான். யாராவது பதில் சொல்ல வேண்டுமே என்று நான்தான் சொன்னேன்.

"பாத்து நடந்திருக்கணும்."