நூலிழைச் சாய்வு

உங்கள் மேசையை ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள், நல்ல காரியம். என் கடையில் வெளிச்சம் முதுகுப் பக்கம் விழும். முப்பது வருஷமாக என் நிழலிலேயே வேலை பார்க்கிறேன். திருப்பிப் போட வேண்டும் என்று வருஷா வருஷம் நினைப்பேன். சோம்பல்தான், வேறென்ன.

போனில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போதே அலுத்துவிட்டது. ஆமாம், என் மகள் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போன சாக்ஸபோனில், மேலே அந்தச் சின்னத் துளையை மூடும் தோல்பேடைச் சாய்த்து ஒட்டியது நான்தான். விளக்கைக் குழலுக்குள் இறக்கிப் பார்த்திருப்பீர்கள், ஒரு முடியளவு வெளிச்சம் கசிந்திருக்கும். அரக்கு ஒட்டியிருக்கும் பக்குவத்தைப் பார்த்து, இது தேய்மானமில்லை, தெரிந்த கை செய்த வேலை என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். வேறொருவராக இருந்தால் பழைய கருவி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருப்பார். தொழில் தெரிந்தவரிடம் மாட்டிக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை.

முதலில் அது என் மனைவியின் சாக்ஸபோன். நாங்கள் இருவரும் ஒரே இசைக்குழுவில் இருந்தோம். நான் கிளாரினெட், மூன்று பேரில் மூன்றாவது. ஒப்புக்குச் சப்பாணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவளைக் குழுவில் எல்லோரும் ‘இடி’ என்று கூப்பிடுவார்கள். சாக்ஸபோனின் ஆகக் கீழே உள்ள சுரத்தை அவள் ஊதினால் நாற்காலி வழியாக அது நம் முதுகுத்தண்டில் ஏறும். வீட்டில் முன்னறை என் ரிப்பேர் கடை, பின்னறையில் அவள் சாதகம். என் மேசையில் பொடி திருகாணி போட்டுவைக்கும் தகர டப்பா ஒன்று உண்டு. அவள் அந்தச் சுரத்துக்கு வந்தால் டப்பா தானாக அதிரும். “உங்க டப்பாவுக்குத்தான் என் அருமை தெரியுது, உங்களுக்கு எங்க தெரியுது” என்று உள்ளேயிருந்து கேலி செய்வாள்.

கிளாரினெட் கஷ்டமா, சாக்ஸபோன் கஷ்டமா என்று உங்களிடமும் வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்பார்கள். கிளாரினெட் முதல் நாளே முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கிரீச்சிடும், பழகினால் வழிக்கு வந்துவிடும். சாக்ஸபோன் யார் ஊதினாலும் முதல் நாளே சிரித்துப் பேசும், ஆனால் நல்ல நாதம் வரப் பத்து வருஷம் ஆகும். நானும் இப்படித்தான் சொல்லி அனுப்புவேன். ஆனால் உண்மையான வித்தியாசம் வேறு, அது நம்மைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். கிளாரினெட்டில் முக்கியமான துளைகளை விரலே மூடுகிறது. காற்று கசிந்தால் விரல்நுனிக்குத் தெரிந்துவிடும். சாக்ஸபோனில் விரல் எந்தத் துளையையும் தொடுவதில்லை. விசையை அழுத்துகிறோம், எங்கேயோ ஒரு தோல்பேட் போய் எந்தத் துளையையோ மூடுகிறது. மூடியதா இல்லையா என்று வாசிக்கிறவருக்குத் தெரியாது. நம்பி ஊத வேண்டியதுதான். அதிலும் மேலே ஒரு சின்னப் பேட் நூலிழை சாய்ந்தால் போதும், கெட்டுப்போவது கீழ்ச்சுரங்கள். குறை ஓரிடம், வலி வேறிடம். யாராக இருந்தாலும் முதலில் தன் வாயைத்தான் சந்தேகப்படுவார்கள்.

எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. வாலு என்றுதான் கூப்பிடுவோம், ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாள். அந்தச் சமயத்தில் ஒரு பெரிய குழு என் மனைவியைக் கேட்டது. ஊர் ஊராகக் கச்சேரி, இரண்டு வருஷம். அவள் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நான் ஒரு நொடி யோசிக்கவில்லை. “போயிட்டு வா. ரெண்டு வருஷம்தானே, வாலுவை நான் பாத்துக்கறேன்” என்றேன். அவள் அழுதுவிட்டாள். இவரைப் போல் யார் விடுவார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் மனதாரத்தான் சொன்னேன், அதில் கள்ளமில்லை. இரண்டு நாள் அந்த மனசு அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் காலை அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போது டப்பா அதிர்ந்தது. அதைக் கையால் பிடித்து நிறுத்தினேன். இனி இரண்டு வருஷம் இது இப்படித்தான் கிடக்கும் என்று தோன்றியது. திரும்பி வருவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னைவிடப் பெரியவளாகத்தான் வருவாள். வந்து, மூன்றாவது கிளாரினெட்காரனை அன்பாகப் பார்ப்பாள். அந்த அன்பை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று மத்தியானமே அவள் சாக்ஸபோனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். “நல்லா பாத்துக் குடுங்க. ரெண்டு வருஷம் தாங்கணும்” என்றாள். நான் நல்லாத்தான் பார்த்தேன். எல்லா ஸ்பிரிங்கும் புதிது, கார்க் புதிது, எண்ணெய் விட்டேன். அந்த ஒரு பேடின் அரக்கை மட்டும் இளக்கி, நூலிழை சாய்த்து, ஆறவிட்டேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு டீ ஆறுகிற நேரம்.

மறுநாள் கீழ்ச்சுரம் பிசிறியது. ஒரு வாரத்தில் குளறியது. அவள் கருவியைத்தான் முதலில் குறை சொன்னாள், புத்திசாலி. நான் பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்தி, போர்வையைப் போர்த்தி, விளக்கை உள்ளே இறக்கிக் காட்டினேன். “பாரு, எங்கயாவது வெளிச்சம் தெரியுதா?” எங்கேயும் தெரியவில்லை. கருவியை எங்காவது பிடித்துத்தானே ஆக வேண்டும், என் கட்டைவிரல் அந்தப் பேடின் மேல் இருந்தது. அவள் போர்வைக்குள் என் தோளோடு தோள் ஒட்டி நின்று பார்த்தாள். “அப்ப எனக்குத்தான் என்னவோ ஆயிடுச்சு” என்றாள்.

பிறகு நான் அவளுக்கு உதவி செய்ய ஆரம்பித்தேன். உதடு தளர்ந்திருக்கிறது, கிளாரினெட்டுக்குப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடி என்றேன். பொய்யில்லை, கிளாரினெட்டுக்கு அது சரியான யோசனை. சாக்ஸபோனில் அப்படிப் பிடித்தால் நாதம் மூக்கடைத்துப்போகும் என்பது உண்மைதான். அவள் ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் இறுக்கிக் கடித்து ஊதினாள். கீழுதட்டில் உள்பக்கம் பல் பதிந்து புண்ணானது. நான்தான் மருந்து போட்டுவிட்டேன். சமையல், வாலுவைக் குளிப்பாட்டுவது, துணி துவைப்பது எல்லாம் நானே. அவள்மேல் நான் ஒருநாள்கூடக் கை நீட்டியதில்லை. குரல் உயர்த்தியதுகூட இல்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

புண்ணுக்குக் காரணம் கீழ்முன்பற்கள் கோணலாக இருப்பதுதான் என்று நான் சொன்னதை அவளே பிடித்துக்கொண்டாள். பல் டாக்டர் முதலில் ராவிப் பார்த்தார். சரியாகவில்லை. எடுத்துவிடலாமா என்று அவள்தான் கேட்டாள், நான் கேட்கவில்லை. “வாசிக்கிறவங்களுக்கு முன்பல்லுதானே ஆதாரம், நல்லா யோசிச்சுக்குங்க” என்று அவர் சொன்னார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் “உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்” என்றேன். முதலில் இரண்டு. பிறகு இன்னும் இரண்டு.

அந்தப் பெரிய குழு வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவள் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்து அலமாரிக்கு மேலே ஏற்றினாள். கட்டுப்பல் வைத்துக்கொண்டாள். அதிலிருந்து சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள், வீட்டில் என் முன்னால்கூட. “நீங்க இல்லன்னா நான் பைத்தியமாயிருப்பேன்” என்று இன்றைக்கும் சொல்வாள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். அவள் ஏற்றிவைத்த அடுத்த வாரமே நான் பெட்டியை இறக்கி, அந்தப் பேடை நேராக ஒட்டிவிட்டேன். பழுதான கருவியை வீட்டில் வைத்திருக்க எனக்கு மனம் வராது. நல்லபடியாகப் பதினாலு வருஷம் இருந்தோம்.

போன வருஷம் வாலு பெட்டியை இறக்கினாள். பள்ளிக்கூடத்தில் கிளாரினெட் வாசித்தவள், நான்தான் சேர்த்துவிட்டேன். மூன்றே மாதத்தில் சாக்ஸபோன் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒருநாள் நான் ஒரு புல்லாங்குழலைத் துடைத்துக்கொண்டிருந்தேன், டப்பா அதிர்ந்தது. என் மனைவி கையில் ஈரத்துணியோடு சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் வாயை மூடிக்கொள்ள மறந்துவிட்டாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, இல்லையென்று சொன்னால் பாவம். அந்த வாரமே ஓர் இசைக்கல்லூரியிலிருந்து தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. எட்டு மணி நேர ரயில் பயணம். கிடைத்தால் அங்கேயே தங்கிப் படிப்பு. “அம்மா விட்ட இடத்துலேர்ந்து நான் புடிச்சுக்கறேம்பா” என்றாள். நான் “கண்டிப்பா போ” என்றேன்.

அதற்கப்புறம் நடந்ததை நீங்களே விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டீர்கள்.

அவள் அம்மாவைப் போலில்லை, அதுதான் சிக்கல். போர்வைக்குள் வைத்துக் காட்டும்போது, “அப்பா, ஒவ்வொரு தடவையும் உங்க கட்டைவிரல் ஏன் அதே எடத்துல இருக்கு?” என்று கேட்டாள். என் மூக்கு உடைந்தது. “எங்கயாவது புடிக்க வேணாமாடி” என்றேன். மறுநாள் தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். உங்களிடம் வந்திருக்கிறாள். பெற்ற அப்பனிடம் மறைத்துவிட்டாள் என்பதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தண்ணீர் போதும், நன்றி. நீங்கள் என்னைப் பார்க்கிற விதம் எனக்குப் புரியாமலில்லை. நான் கெட்டவன் என்றால் எடுத்த எடுப்பிலேயே ‘போகாதே’ என்று சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை தடுத்திருக்கிறேனா? இரண்டு பேரையும் போ என்றுதான் சொன்னேன். எனக்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அறுபது வயதாகிறது, தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து திருகாணி பொறுக்க என்னால் முடியாது. அலுப்பாக இருக்கிறது.

நீங்கள் இன்னும் அந்தப் பேடைத் தொடவில்லை, உள்ளே வந்ததுமே பார்த்துவிட்டேன். நாளை அவள் வருவாள். தேர்வு அடுத்த திங்கள். கருவியில் ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும். நான் சொன்னால் இப்போது நம்ப மாட்டாள், உங்கள் வாயால் கேட்டால் நம்பிவிடுவாள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கும் கீழுதட்டில் புண் வந்துவிட்டது. பாவம், பச்சைக்குழந்தை மாதிரி என்னிடம்தான் திறந்து காட்டுகிறாள். அம்மாவுக்கு இருந்த அதே கோணல் இவளுக்கும் இருக்கிறது. அதே பல் டாக்டர்தான், இப்போது வயதாகிவிட்டது, ஆனால் கை மெதுவானது, வலிக்கவே வலிக்காது. வியாழக்கிழமை காலை பத்தரைக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறேன்.