லல்லா பத்தூலின் பெஞ்சை எரித்தது யார்?

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, லல்லா பத்தூலின் மகன் இத்ரீஸ் அவர்களே, நம் செஃப்ரூ ஊரின் தெருக்களிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, சகோதரர்களே! இன்று லல்லா பத்தூல் மறைந்த நாற்பதாம் நாள். இருபத்திரண்டு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திய ஸக்கியா நான். கணித ஆசிரியை லல்லா பத்தூலின் பெருமைகளை எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். நான் ஒரு பெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குளிர்காலத் தொடக்கத்தில், நம் தெருவுக்கெல்லாம் பொதுவான ரொட்டி அடுப்பின் வாசலில், வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் ஏந்தி வரிசையில் நின்ற நிறைமாதப் பெண் மயங்கி விழுந்தாள். ஐயோ என்றோம். அவரவர் வீட்டுக்குப் போனோம். லல்லா பத்தூல் மட்டும் மரக்கடைக்குப் போனார்! எதிரே காப்பிக்கடையில் ஆண்களுக்கு முப்பது நாற்காலி. பெண்கள் உட்கார ஒரு பலகையாவது உண்டா? அவரைத் தவிர யார் கேட்டோம்?

இதய நோயாளி அவர். ரம்பம் பிடித்துப் பழக்கமில்லாதவர். வீட்டு மொட்டைமாடியில் மூன்று வாரம் தானே அறுத்தார், தானே ஆணி அடித்தார்.

"போதும் லல்லா, உங்களுக்கு மூச்சு வாங்குது" என்றேன்.

"நீ வந்து பலகையைப் பிடிச்சா வாங்காது" என்றார்.

விடைத்தாள் திருத்த வேண்டும் என்று நழுவினேன்.

ஒரு விடியலில் அதை அடுப்பு வாசலில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனார். வர்ணம்கூடப் பூசவில்லை. உடைந்த கதவு, பழைய கட்டில் என்று எரிக்க வேண்டியதையெல்லாம் அதே வாசலில்தானே போடுகிறோம்! அடுப்புக்காரர் பா அல்லால் பெஞ்சையும் எரித்துவிட்டார்.

"பா அல்லால், அடுத்து எங்க வீட்டுக் கதவா?" என்று, அது யாருடைய பெஞ்சு எனத் தெரிந்ததும் எவ்வளவு கேலி செய்தீர்கள்! லல்லா பத்தூலோ சிரித்தார். "இன்னிக்கு தெருவே என் பெஞ்சைத் தின்னிருக்கு. உப்பு சரியா இருந்துச்சா?"

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அன்று பா அல்லால் என்னைக் கேட்டார்: "மகளே, இது யாருது? எரிச்சிடலாமா?"

என் ரொட்டி எனக்கு அவசரம். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "யாரோ போட்ட பழசு. உள்ள தள்ளுங்க, தீ அணையுது."

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கேலியையெல்லாம் தானே வாங்கிக்கொண்டார்.

லல்லா பத்தூல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பதினாறாம் நாள், கையில் ரம்பத்தோடு மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எப்படியும் நடந்திருக்கும் என்கிறார் மருத்துவர். இருக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது பெஞ்சை அவர் ஏன் அறுக்க வேண்டி வந்தது? யாரால் வந்தது? உண்மையைச் சொல்ல எனக்குப் பதினாறு நாள் இருந்தது. சொல்லவில்லை. இன்று அவர் இல்லாத சபையில் சொல்கிறேன்.

லல்லா பத்தூல்! உங்கள் வேலையை நான் முடிப்பேன். இத்ரீஸ், மாடிச் சாவியை என்னிடம் கொடுங்கள். இன்னும் இரண்டு கால்கள் அறுக்க வேண்டும். எனக்குக் கோணலாகத்தான் வரும், வரட்டும். பச்சை வர்ணம் பூசி, நானே தூக்கிக்கொண்டு போய் அடுப்பு வாசலில் போடுவேன்.

தாய்மார்களே, நீங்கள் உட்காருங்கள். நான் நின்றுகொள்கிறேன்.