கோரைப்பல் பிடுங்க வந்தவன்

— இந்தக் கண்ணாடில என்ன கோளாறோ, வாய்க்குள்ள விட்டா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. தலையைச் சாய்ங்க, நேராவே பார்க்கிறேன். ம்... சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை. இவ்வளவு சுத்தமான பல்லை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லை.

— உங்க சர்வீஸே இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு, டாக்டர்.

— வாயைத் திறந்து வைங்கன்னா பேசுறதுக்கு இல்லை. கல்லு மாதிரி நிக்கிற ரெண்டு கோரைப்பல்லை எதுக்குப் பிடுங்கணும்?

— அது இருக்கிற வரைக்கும் ஒரு பொண்ணுகிட்ட நெருங்க முடியாது, டாக்டர். அதான்.

— ஓ. பொண்ணா? சரி. நல்லது. ரொம்ப சந்தோஷம்.

— ஏன் முகம் இப்படிச் சுருங்குது?

— மாஸ்க் போட்டிருக்கேன், முகம் எங்க தெரிஞ்சுது உங்களுக்கு? பல்லு நீளம்னு சொல்றவளை வேற பையனைப் பார்க்கச் சொல்லுங்க!

— அவ ஒண்ணும் சொல்லலை, டாக்டர். நான் ரத்தக்காட்டேரி.

— என்னது?

— அதான் கண்ணாடில தெரியலை. டாக்டர்... இடுக்கி கீழ விழுந்துருச்சு.

— விழட்டும்! கண்ணாடி கெட்டுப்போச்சுன்னு நினைச்சு மாத்தி மாத்திப் பார்த்தேனே! பட்டப்பகல்ல எப்படி வந்தீங்க?

— மழை மூட்டம். வெயில் எட்டிப் பார்த்தா உங்க மேசைக்கு அடியில தான் ஒளியணும்.

— ஏம்மா டாக்டரம்மா, உள்ள என்ன சத்தம்? பேஷண்ட் கடிச்சிட்டாரா?

— இல்லைக்கா, இடுக்கி விழுந்துச்சு!

— கடிச்சா ரெண்டு அறை விடு கண்ணு. நான் வரவேற்புல தான் இருக்கேன்.

— உங்க அக்கா குரலைக் கேட்டா எனக்கே உதறுது.

— பேச்சை மாத்தாதீங்க. பல்லைப் பிடுங்கினா என்ன ஆகும்?

— சாதாரண மனுஷன் ஆயிடுவேன். நரைக்கும், சளி பிடிக்கும். என்னைக்காவது செத்தும் போவேன்.

— பைத்தியமா உங்களுக்கு? சாகாவரம் வாங்கிட்டு வந்து ஒருத்திக்காகத் தொலைப்பாங்களா? அவ கேட்டாளா?

— அவளுக்கே இன்னும் தெரியாது. போன தடவை பல்லு சுத்தம் பண்ணிக்க வந்தேன். அதுக்கு முந்தின தடவையும். அதுக்கு முந்தியும்.

— நானும் யோசிச்சேன், அழுக்கே இல்லாத பல்லை இந்த மனுஷன் எதுக்கு... ஒரு நிமிஷம். இங்க என்னையும் அக்காவையும் விட்டா வேற யாரும் இல்லையே?

— அக்காவுக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு கேள்விப்பட்டேன்.

— ஐயோ!

— ஏம்மா, மறுபடியும் விழுந்துச்சா?

— இந்த வாட்டி நான்தான் விழுந்தேன், அக்கா!

— பார்த்து, கண்ணு! தரை வழுக்கும்.

— டாக்டர், சிரிக்கிறீங்களா, அழறீங்களா?

— ரெண்டும்தான். ஆனா பிடுங்க மாட்டேன். நீங்க சாகாமலே இருங்க. நான் கழுத்துல மஃப்ளர் சுத்திக்கிறேன்.

— உங்களுக்குத் தலை நரைச்சு, நான் மட்டும் இப்படியே பேரன் மாதிரி பக்கத்துல நிக்கணுமா? எத்தனை பேரை வழியனுப்பிட்டேன் தெரியுமா? உங்களையும் அனுப்பிட்டு நான் எங்க போவேன், சொல்லுங்க?

— மரத்துப்போற ஊசி உங்களுக்கு வேலை செய்யுமா?

— செய்யாது.

— அப்போ என் கையைப் பிடிச்சுக்கோ. அது இல்லை, அது இடுக்கி பிடிக்கிற கை. இதை. கடிச்சே, தொலைஞ்சே!

— நீன்னு சொல்லிட்டீங்க.

— வாயைத் திற.

— ஆ... ஆஆ!

— ஒண்ணு வந்துடுச்சு. வலிச்சா அழு, யாரும் பார்க்கலை. இன்னொண்ணு... ம்ம்... அசையுது... வந்துட்டான் பயல்! பஞ்சைக் கடி. டேய், கண்ணைத் திற. என்னடா இப்படி விழுந்து கிடக்கே? பேசுடா, பயமா இருக்கு!

— டாக்டர்... நெஞ்சுக்குள்ள யாரோ தட்டுறாங்க.

— யாரும் தட்டலைடா, லூசு. அது நீதான்.